முறித்துப் பிரித்த கனெக்டிங் ராட்: தயாரிப்பிலிருந்து சீரமைப்பு வரை முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) முடியப்போகும் காரை இன்னும் 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கும்போதுதான் பலர் என்ஜினை அடிவரை பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படி உபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்து வொர்க்‌ஷாப்களுக்கு வரும் என்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் கேப் (கிராங்க்கைச் சுற்றிப் பிடிக்கும் கழற்றக்கூடிய பாதி) அறுத்து எடுக்கப்பட்டதாக இருக்காது. முழு ராட்டாகச் செய்து, பிக் எண்டை (கிராங்க் பக்கத்துப் பெரிய முனையை) வேண்டுமென்றே முறித்து, அந்த இரண்டு துண்டுகளையே திரும்பச் சேர்த்திருப்பார்கள். பழைய ராட்டுக்குச் சரியான பல பழக்கங்கள் இந்த ராட்டைக் கெடுத்துவிடும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இந்தக் கட்டுரையில் முறிந்த இரண்டு பரப்புகளையும் முறிமுகம் என்று சொல்கிறோம். இந்த ராட்டில் கேப்பை இடம் மாறாமல் பிடித்துவைப்பது அதுதான்.

1. ராட் எப்படிச் செய்யப்படுகிறது

தொழிற்சாலையில் நடப்பது தெரிந்தால்தான் வொர்க்‌ஷாப்பில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது புரியும்.

உலோகம்: சுமார் 0.7 சதவீதம் கார்பன் உள்ள சி70எஸ்6 போன்ற எஃகு, அல்லது இரும்புத் தூளை அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, சூட்டோடு அடித்து இறுக்கிய ராட். இரண்டும் நீளாமல் ‘டப்’ என்று முறிய வேண்டும். மென்மையான எஃகு முறியும் முன் இழுபடும். அப்போது துளை முட்டை வடிவாகும், இரண்டு முகங்களும் திரும்பப் பொருந்தாது.

வரிசை: பக்கங்களைத் தேய்த்து மட்டமாக்குவார்கள், பிக் எண்ட் துளையை ஓரளவுக்குக் குடைவார்கள், போல்ட் துளையும் மரையும் போடுவார்கள். முறிப்பதற்கு முன்பே போல்ட் துளை போடுவதால் கேப்பின் துளையும் ராட்டின் மரையும் ஒரே கோட்டில் அமைகின்றன. பிறகு துளையின் உட்சுவரில் எதிரெதிராக இரண்டு இடத்தில் லேசரால் அரை மி.மீ. அளவில் கீறல் போடுவார்கள். முறிவு அங்கிருந்து தொடங்கும்.

முறிப்பது: இரண்டாகப் பிளந்த உருளையைத் துளைக்குள் வைத்து, நடுவில் ஆப்பை ஹைட்ராலிக் விசையால் வேகமாக இறக்குவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முறிய வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் அந்தப் பக்கம் வளைந்துதான் முறியும். முறிந்ததும் காற்றடித்து, போல்ட்டை ஒருமுறை இறுக்கித் தளர்த்தி, உதிரக்கூடிய துகள்களை உதிரவிட்டு, மறுபடி காற்றடித்துத்தான் நிரந்தரமாகப் பூட்டுவார்கள்.

கடைசியாக, போல்ட்டை முழு டார்க்கில் (குறித்த திருகு விசையில்) இறுக்கிய நிலையில் துளையை இறுதி அளவுக்குக் குடைவார்கள். இதை நினைவில் வையுங்கள்: அந்த இறுக்கம் இருக்கும்போது மட்டும்தான் துளை வட்டமாக இருக்கும். தளர்ந்த போல்ட்டோடு எடுத்த அளவுக்கு மதிப்பே இல்லை.

2. தொடங்கும் முன் வேண்டியவை

அந்த என்ஜின் எண்ணுக்கான கையேடு முதலில். டார்க், கோணம், துளை அளவு, எண்ணெய் இடைவெளி (பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே எண்ணெய்க்கான இடம்) நான்கும் அதிலிருந்துதான் வரவேண்டும். வேறு என்ஜினின் எண்ணை மனத்தில் வைத்து வேலை செய்யாதீர்கள்.

புதிய ராட் போல்ட் இரண்டு செட். 4 சிலிண்டர் என்ஜினுக்கு 8 போல்ட் ஒரு செட், ஆக 16. ஒன்று அளக்கவும் ஹோன் செய்யவும் (துளையைக் கல்லால் தேய்த்து அளவாக்கவும்), மற்றொன்று இறுதிப் பூட்டுக்கு. ஒரே செட் வாங்கி நடுவழியில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இந்தப் போல்ட்டுகளைக் கோணக் கணக்கில் இறுக்கும்போது அவை கொஞ்சம் நிரந்தரமாக நீண்டுவிடும். அதே போல்ட்டை மறுபடி மறுபடி அதே கோணத்துக்குத் திருப்பினால் இறுக்கம் குறையும் அல்லது அறுந்துபோகும்.

அளவுக் கருவிகள்: 0.001 மி.மீ. காட்டும் போர் கேஜ் (துளை அளவி), மைக்ரோமீட்டர், டயல் கேஜ், கோண அளவி, டார்க் ரென்ச், பச்சை நிற பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் எண்ணெய் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை). ஒவ்வொரு ராட்டுக்கும் தனித்தனி மூடியுள்ள பெட்டியும், கையுறையும், பெயின்ட் பேனாவும் வேண்டும்.

நம் ஊர் ஈரத்துக்காக ஒன்று: கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரை வேலைக்கு முன் திறந்துவிடுங்கள். குழாயில் வரும் ஈரக் காற்று முறிமுகத்தில் பட்டால் மறுநாளே துரு ஏறியிருக்கும். துருத் துகள் முறிமுகத்தின் குழிகளில் உட்கார்ந்துவிட்டால் அதை எடுப்பது கடினம்.

3. கழற்றும் முன்: உயரமும் அடையாளமும்

ஹெட்டைக் கழற்றியதும், கேப்பில் கை வைக்கும் முன், ஒவ்வொரு பிஸ்டனையும் மேல் எல்லைக்குக் கொண்டுவந்து பிளாக் மட்டத்திலிருந்து அதன் உயரத்தை டயல் கேஜால் அளந்து எழுதுங்கள். கரியைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். எல்லாம் ஏறத்தாழ ஒத்திருக்கையில் ஒன்று மட்டும் 0.2 மி.மீ. தாழ்ந்திருந்தால் அந்த ராட் வளைந்து குட்டையாகியிருக்கும் என்று சந்தேகியுங்கள். திடீர் வெள்ளத்தில் ஓட்டி, காற்று வழியாகத் தண்ணீர் குடித்த என்ஜின்களில் இது வழக்கமான சேதம். தண்ணீர் சுருங்காது, அதனால் ராட் வளைகிறது. ராட்டைக் கழற்றிவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அதனால்தான் இது முதலில்.

அடுத்து அடையாளம். ராட்டிலும் கேப்பிலும் ஒரே பக்கத்தில் சிலிண்டர் எண்ணைப் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள், முன்பக்கம் எது என்றும் குறியுங்கள். குத்துளியால் எண் அடிக்கும் பழைய வழக்கம் வேண்டாம். அந்த அடி துளையின் வட்டத்தைக் கெடுக்கும், கடினமான இந்த உலோகத்தில் விரிசலுக்கும் வழிவிடும்.

4. கேப்பைக் கழற்றுதல்

இரண்டு போல்ட்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஐந்தாறு மரை பிடித்திருக்கும்போதே நிறுத்தி, போல்ட் தலைகளைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் கேப் விடும். வராவிட்டால் போல்ட் தலையில் பிளாஸ்டிக் சுத்தியால் லேசாகத் தட்டலாம். இணைப்புக் கோட்டில் ஸ்குரூடிரைவரைச் சொருகி நெம்பினால் முறிமுகத்தின் மேடுகள் நசுங்கும். அந்த ராட்டை அதற்குமேல் நம்ப முடியாது.

எடுத்த கேப்பை முறிமுகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மேசைமேல் கவிழ்த்து வைப்பதுதான் புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் செய்யும் தவறு. சிறு இரும்புத் துருவல் ஒட்டினாலும் மேடு நசுங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது, துளை அளவில்தான் தெரியும்.

ராட்டை வெளியே எடுத்ததும் கேப்பை அதே பக்கமாக மாட்டி, போல்ட்டைக் கைவிசையில் திருகி, பெட்டியில் போடுங்கள். ஒரு ராட்டின் கேப் இன்னொன்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதே கேப்பைத் திருப்பி மாட்டினாலும் பொருந்தாது. பொருந்தாததைப் போல்ட்டால் இழுத்துப் பொருத்த முயன்றால் இரண்டு முகமும் நாசமாகும். அப்படி ஒருமுறை இறுக்கப்பட்ட ராட் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் கழித்துவிடுங்கள்.

5. சுத்தம்

பிரேக் கிளீனரைத் தெளித்து, உலர்ந்த காற்றை அடியுங்கள். அவ்வளவுதான். கம்பிப் பிரஷ், உப்புத்தாள், மணல் வீச்சு எதுவும் முறிமுகத்தின் பக்கம் வரக்கூடாது. துணியால் துடைத்தால் நூல் இழை மேடுகளில் சிக்கும், அதுவும் வேண்டாம்.

பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் முகத்தைப் பாருங்கள். சொரசொரப்பான, சாம்பல் நிறத் துகள் பரப்பு நல்லது. பளபளவென்று தேய்ந்த திட்டுகள் தெரிந்தால் ஓட்டத்தில் கேப் நகர்ந்திருக்கிறது: போல்ட் தளர்ந்திருந்ததற்கான சான்று அது. பெயர்ந்த செதில் இருந்தால், பெயர்ந்த துண்டு எங்கே போனது என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும். எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். வெறும் கையால் தொட்ட வியர்வைத் தடமே துருவாகும் காலநிலை நம்முடையது.

6. விரிசல் சோதனை

காந்தத் துகள் சோதனையில் ராட்டின் தண்டு, போல்ட் தலை அமரும் இடம், ஸ்மால் எண்டின் (பிஸ்டன் பக்கத்துச் சிறிய முனையின்) எண்ணெய்த் துளைச் சுற்று மூன்றையும் பாருங்கள். கேப்பை மாட்டியபடி சோதித்தால் இணைப்புக் கோட்டில் துகள்கள் கோடாகக் கூடும். அது விரிசல் இல்லை, முறிவுக் கோடுதான். நல்ல ராட்டை இதனால் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

சோதித்ததும் காந்தத்தை நீக்காமல் விடாதீர்கள். மிச்சக் காந்தம் ஹோன் செய்யும்போது வரும் இரும்புத் துருவலை நேரே முறிமுகத்துக்கு இழுக்கும்.

7. பிக் எண்ட் துளையை அளத்தல்

வேலை முழுதும் நிற்பதும் விழுவதும் இங்கேதான். அவசரப்பட வேண்டாம்.

ஷெல் (பிக் எண்ட் துளைக்குள் அமரும் மெல்லிய பேரிங் துண்டு) இல்லாமல் கேப்பை மாட்டுங்கள். முதலில் கையால் அமர்த்தும்போது முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று ‘கிளிக்’ என்று விழுவதை விரல் உணரும். உணராவிட்டால் கழற்றிக் காற்றடித்து மறுபடி அமர்த்துங்கள். பிறகு கையேடு சொல்லும்படி மரையிலும் தலைக்கு அடியிலும் எண்ணெய் தொட்டு, முழு டார்க்கும் கோணமும் கொடுங்கள். உதாரணமாக, பல ஃபோக்ஸ்வாகன் என்ஜின்களில் 30 நியூட்டன் மீட்டரும் அதன்மேல் 90 டிகிரியும். உலர்ந்த மரையில் இறுக்கினால் விசையின் பெரும் பங்கு உராய்விலேயே போய்விடும், டார்க் ரென்ச் சரி என்று சொல்லும், போல்ட்டின் பிடி குறைவாகவே இருக்கும்.

வெப்பநிலை: உலகெங்கும் அளவுகள் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்படுகின்றன. நம் வொர்க்‌ஷாப் தளம் 32 டிகிரி. ஏர்கான் அறையில் 24 டிகிரியில் இருந்த மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து, தளத்தில் கிடந்த 52 மி.மீ. துளையை அளந்தால் 8 டிகிரி வித்தியாசத்துக்கே சுமார் 0.005 மி.மீ. பிழை வரும். கையேடு தரும் மொத்த வரம்பே பெரும்பாலும் 0.015 முதல் 0.025 மி.மீ. வரைதான், அதில் ஐந்தில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ இப்படியே போய்விடும். ராட், மைக்ரோமீட்டர், போர் கேஜ் மூன்றையும் ஒரே மேசையில் ஓர் இரவு வைத்துவிட்டு அளந்தால் எஃகும் எஃகும் ஒன்றாக விரிந்திருக்கும், பிழை தானாகவே கழிந்துவிடும்.

அளக்கும் திசைகள் மூன்று. ராட்டின் நீளவாக்கில் ஒன்று. முறிவுக் கோட்டிலிருந்து சுமார் 20 டிகிரி மேலே ஒன்று, கீழே ஒன்று. சரியாகக் கோட்டின்மேல் வைக்காதீர்கள், லேசர் கீறலின் மிச்சத்தில் கேஜின் முனை விழுந்து பெரிய அளவைக் காட்டும். இந்த மூன்றையும் துளையின் முன்விளிம்பு அருகிலும் பின்விளிம்பு அருகிலும் எடுத்தால் ஒரு ராட்டுக்கு ஆறு எண்கள் கிடைக்கும்.

நீளவாக்கில் பெரிது, குறுக்கே சிறிது என்றால் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடி ராட் இழுபட்டிருக்கிறது. குறுக்கே அளவு மாறாமல், நீளவாக்கில் மட்டும் வரம்புக்குக் குறைந்தால் முறிமுக மேடுகள் நசுங்கியிருக்கலாம். முன்னும் பின்னும் வேறுபட்டால் கேப் சாய்ந்து அமர்ந்திருக்கிறது: உள்ளே துகள் சிக்கியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அளங்கள். மறுபடியும் அதே எண் வந்தால்தான் அது ராட்டின் குறை. நீலம் பாய்ந்த துளை என்றால் ஷெல் சுழன்று சூடேறியிருக்கிறது, அளவு எப்படி இருந்தாலும் அந்த ராட்டைக் கழியுங்கள்.

8. வளைவும் முறுக்கும்

பிக் எண்டிலும் ஸ்மால் எண்டிலும் பொருந்தும் தண்டுகளைச் சொருகி, 100 மி.மீ. நீளத்துக்கு இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். பல ஜப்பானியக் கையேடுகளில் வளைவுக்கு வரம்பு 100 மி.மீ.க்கு 0.05 மி.மீ. இந்த எஃகை அழுத்தி நிமிர்த்த முயலாதீர்கள். நிமிர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இழுவிசை தங்கிவிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி வளையும் அல்லது முறியும்.

9. எதைச் சீரமைக்கலாம், எதைக் கழிக்க வேண்டும்

பழைய அறுத்த ராட்டில் வழி எளிது: கேப்பின் முகத்திலும் ராட்டின் முகத்திலும் கொஞ்சம் தேய்த்து, பூட்டி, துளையைப் பழைய அளவுக்கே ஹோன் செய்வார்கள். அங்கே கேப்பைப் பிடிக்கத் தனியாக ஊசியோ பொருந்து போல்ட்டோ இருக்கும். முறித்த ராட்டில் அப்படி எதுவும் கிடையாது. முகத்தைத் தேய்த்தால் கேப்பின் பிடி போய்விடும், பக்கவாட்டு விசை முழுதும் போல்ட்டின்மேல் விழும். மெஷின் ஷாப்புக்குக் கொடுக்கும்போது ‘முகத்தைத் தேய்க்க வேண்டாம்’ என்று சீட்டு எழுதி ராட்டோடு கட்டி அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது கைமாறும்போது தொலைந்துவிடும்.

ஆகவே வழிகள் மூன்றுதான். துளை வரம்புக்குள் வட்டமாக இருந்தால் சுத்தம் செய்து புதிய ஷெல் போடலாம். துளை சற்றே பெருத்தோ முட்டையாகவோ இருந்து, முறிமுகம் நன்றாக இருந்து, அந்த என்ஜினுக்கு வெளிவிட்டம் 0.05 மி.மீ. கூடிய ஷெல் கிடைக்குமானால் துளையைப் பெரிதாக்கலாம். அந்த ஷெல் எல்லா என்ஜினுக்கும் வருவதில்லை. முதலில் ஷெல் கையில் வரட்டும், பிறகு துளையைத் தொடுங்கள். மூன்றாவது வழி ராட்டை மாற்றுவது. சந்தேகம் இருந்தால் மாற்றுவதே மலிவு. ஒரு ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் முழு என்ஜினும் போகும்.

உட்விட்டம் குறைந்த ஷெல்லையும் வெளிவிட்டம் கூடிய ஷெல்லையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது தேய்த்த கிராங்க் ஜர்னலுக்கு (ராட் மாட்டும் கிராங்க்கின் உருளைப் பகுதிக்கு), பின்னது பெரிதாக்கிய ராட் துளைக்கு.

10. பெரிய அளவுக்கு ஹோன் செய்தல்

புதிய போல்ட்டின் முதல் செட்டை முழு இறுக்கத்தில் போட்டுத்தான் ஹோன் செய்ய வேண்டும். இரண்டு ராட்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே மூச்சில் ஓட்டுங்கள். அகலம் கூடுவதால் கல் ஆடாது, துளை நேராக வரும். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை ராட்டுகளைத் திருப்பிப் போடுங்கள்.

கடைசி 0.01 மி.மீ. இருக்கும்போது நிறுத்தி, ராட்டை ஆறவிட்டு அளங்கள். ஹோன் சூட்டில் 10 டிகிரி ஏறிய ராட் 0.006 மி.மீ. பெரிதாகக் காட்டும். சூட்டில் ‘வந்துவிட்டது’ என்று நிறுத்தினால் ஆறியதும் துளை சிறுத்திருக்கும், ஷெல் கூடுதலாக நெரிபடும், எண்ணெய் இடைவெளி குறையும். சூட்டின் அளவை நம்பாமல் மேலும் ஓட்டிவிட்டால் திரும்ப வழியே இல்லை.

முடிந்ததும் கேப்பைப் பிரித்து, ஹோன் எண்ணெயையும் துருவலையும் முறிமுகத்திலிருந்து வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டால் இதுவரை செய்தது வீண்.

11. ஸ்மால் எண்ட், எடை

பிஸ்டனை ராட்டோடு இணைக்கும் பின் (pin) ராட்டில் தடையின்றிச் சுழலும் மிதக்கும் வகை என்றால், வெண்கல புஷ்ஷை மாற்றும்போது எண்ணெய்த் துளை நேராக வருகிறதா என்று அழுத்தும் முன்பே பாருங்கள். அழுத்தியதும் அந்தப் பின்னுக்கேற்ப ஹோன் செய்ய வேண்டும், இடைவெளி பொதுவாக 0.01 மி.மீ. அருகில். இறுக்கிப் பொருத்தும் வகைப் பின் என்றால் ராட்டைச் சூடாக்கும் கருவி வேண்டும், வெல்டிங் சுவாலை வேண்டாம்.

ஒரு ராட்டை மட்டும் மாற்றினால் பெரிய முனை, சிறிய முனை எடைகளைத் தனித்தனியே மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். உலோகத்தை எடுக்க வேண்டியிருந்தால் அதற்கென விட்டிருக்கும் திட்டிலிருந்து மட்டும். போல்ட்டின் அருகே கிரைண்டர் போகவே கூடாது.

12. ஷெல் பொருத்துதல், எண்ணெய் இடைவெளி

பல முறித்த ராட்டுகளின் ஷெல்லில் பூட்டு நாக்கு இருக்காது. ஷெல்லை நடுவில் வைப்பது உங்கள் கை வேலை: இரு பக்கமும் விளிம்பிலிருந்து உள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து சமமாக்குங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் கிராங்க்கின் ஓர வளைவில் உரசும். சில டீசல், டர்போ என்ஜின்களில் மேல் ஷெல்லும் கீழ் ஷெல்லும் வேறு உலோகப் பூச்சு. எரிப்பு அழுத்தத்தைத் தாங்கும் கடினமான ஷெல் ராட் பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் சீக்கிரமே களைத்துப் பெயரும்.

ஷெல்லின் பின்புறமும் துளையும் எண்ணெயின்றி உலர்ந்திருக்க வேண்டும். பச்சை பிளாஸ்டிகேஜ் 0.025 முதல் 0.076 மி.மீ. வரை காட்டும், கார் என்ஜினுக்கு அது போதும். அதை அளக்கையில் கிராங்க்கைத் திருப்பக் கூடாது. இந்த அளவுக்கு எந்தப் போல்ட், எவ்வளவு டார்க் என்பதையும் கையேட்டில் பாருங்கள்: சில ஐரோப்பிய கையேடுகள் பழைய போல்ட்டைப் போட்டு, கோணம் திருப்பாமல் டார்க் மட்டும் கொடுக்கச் சொல்கின்றன.

13. இறுதிப் பூட்டு

இரண்டாவது செட் போல்ட். முறிமுகத்துக்குக் கடைசியாக ஒருமுறை உலர்ந்த காற்று. ஷெல்லின் உட்பரப்பிலும் ஜர்னலிலும் தாராளமாக எண்ணெய். அடையாளம் ஒரே பக்கம், முன்பக்கம் முன்னால்.

கேப்பைக் கையால் அமர்த்தி, போல்ட்டை விரலால் திருகி, இணைப்புக் கோட்டை நகத்தால் வருடிப் பாருங்கள். முன், பின், இரு பக்கம் எங்கும் படி தட்டக் கூடாது. சரியாக அமர்ந்த கோடு மெல்லிய மயிரிழைபோலத்தான் தெரியும். இரண்டு போல்ட்டையும் மாறி மாறிப் பாதி டார்க், பிறகு முழு டார்க், அதன்பின் கோணம். கோணம் முடிந்த போல்ட் தலையில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். நடுவில் ஃபோன் வந்து, எது முடிந்தது என்று தெரியாமல் ஒரே போல்ட்டை இரண்டு முறை திருப்புவது உண்மையில் நடக்கும் தவறு.

ஒவ்வொரு கேப்பும் பூட்டியதும் கிராங்க்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். ராட்டைக் கையால் பக்கவாட்டில் தள்ளினால் நகர வேண்டும். நான்கையும் பூட்டிய பிறகு இறுகினால் எந்த ராட் என்று தேட வேண்டிவரும், ஒவ்வொன்றாகப் பார்த்தால் கடைசியாகப் பூட்டியதுதான் காரணம் என்று தெரிந்துவிடும்.

14. முதல் ஓட்டம்

எரிபொருளையும் ஸ்பார்க்கையும் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றுங்கள். பிறகு ஓடவிட்டு, சூடேறியதும் ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கும்போது அடியிலிருந்து தட்டும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சுமார் 500 கி.மீ.யில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரிரு மெல்லிய மினுக்கம் பரவாயில்லை. செதில் செதிலாகச் செம்பு நிறமோ ஈய நிறமோ கிடைத்தால் எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி, ஷெல்களை மறுபடி பாருங்கள்.